தேவனாம்பட்டினத்துக் கடலில் நாமூர்

1749ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி இரவு பிடித்த புயல் மறுநாள் விடியும்வரை ஓயவில்லை. அந்தப் புயலில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடலில் இங்கிலாந்து அரசின் போர்க்கப்பல் ஒன்று மூழ்கியது. பெயர் நாமூர். 74 பீரங்கிகள் கொண்டது. கீழைக் கடல்களில் அப்போதிருந்த ஆங்கிலக் கடற்படைக்குத் தலைவரான எட்வர்ட் பாஸ்கவேனின் கொடி அதில்தான் பறந்தது. தன் அளவுக் கப்பல்களிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று எழுதுகிறார், அந்தக் காலப் போர்களின் வரலாற்றைத் தொகுத்த ராபர்ட் ஓர்ம். அதே புயலில் பெம்புரோக் என்ற 60 பீரங்கிக் கப்பலும் அப்பல்லோ என்ற மருத்துவக் கப்பலும் போயின.

நாமூரில் இறந்தவர்கள் 520 பேர் என்று கடற்படை வரலாறுகள் குறிக்கின்றன. ஓர்ம் 750 என்கிறார். பெம்புரோக்கில் 300க்கு மேல். இதற்கு ஆறு மாதம் முன்பு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். இரண்டு மாதம் நடந்த அந்த முற்றுகையில் குண்டுக்கும் காய்ச்சலுக்கும் அவர்கள் கொடுத்த உயிர்கள் 1065. இந்த ஓர் இரவில், குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டால்கூட, இரண்டு கப்பல்களில் மட்டும் 800க்கு மேல். ஆனாலும் கர்நாடகப் போர்களைப் பற்றி நாம் படித்த பாடங்களில் முற்றுகை இருக்கும், புயல் இருக்காது. கோட்டை, நவாப், துய்ப்ளே, கிளைவ் என்று நிலத்திலேயே நின்றுவிட்டது நம் வாசிப்பு. அந்தக் கோட்டைகளுக்கு ஆளும் மருந்தும் பணமும் வந்த வழி கடல். அந்தக் கடல் என்ன செய்தது என்று கேட்காமல் இந்தக் கரையின் 18ஆம் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நாமூரின் கதையை எடுத்ததும் அதனால்தான்.

கடலூர் மாவட்டத்தில் புயலைப் பற்றிப் பேசக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் உள்ள காடாம்புலியூர் செம்மண் பூமி. முந்திரித் தோப்பு, பலா மரம், முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழில், தெற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், இவைதான் அங்கே கண்ணில் படும். கடல் வாடைகூடக் கிடையாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல் இந்தப் பக்கத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டது. மரம் விழுந்த குழியில் செம்மண்ணும் அறுந்த வேரும் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இத்தனை தூரம் உள்ளே வந்து இதைச் செய்த காற்று, மறைப்பே இல்லாத கடலில் நங்கூரக் கயிற்றை நம்பி நின்ற மரக்கப்பலை என்ன செய்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாமூரின் தொடக்கம் இங்கிருந்து வெகு தூரத்தில். 1695இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நாமூர் என்ற கோட்டை நகரைப் பிடித்தார். இன்று அது பெல்ஜியத்தில் இருக்கிறது. அந்த வெற்றியின் பெயரை வைத்து 1697இல் லண்டனை ஒட்டிய வூலிச் கப்பல்தளத்தில் மூன்று பீரங்கித் தளங்களும் 90 பீரங்கிகளும் கொண்ட கப்பலை இறக்கினார்கள். மரக்கப்பலுக்கு வயது மனிதனைப் போல ஏறுவதில்லை. பழுதானதைப் பிரித்து, நல்ல மரத்தை எடுத்துக்கொண்டு, புது மரம் சேர்த்துத் திரும்பக் கட்டுவார்கள், பெயர் தொடரும். நாமூரையும் டெப்ட்ஃபோர்டில் அப்படியே பிரித்துக் கட்டி 1729இல் மறுபடி நீரில் இறக்கினார்கள்.

அதன் முதல் பெரும் பெயர் நல்ல பெயரல்ல. 1744 பிப்ரவரியில் பிரான்சின் தூலோன் துறைமுகத்துக்கு வெளியே ஸ்பெயின், பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்த்து நடந்த போரில், தளபதி தாமஸ் மாத்யூஸ் நாமூரில் இருந்தார். (20 ஆண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையில் கானோஜி ஆங்கரேயின் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியவரும் இதே மாத்யூஸ்தான்.) ஸ்பெயின் தளபதியின் கப்பலான ரியல் ஃபெலிப்பேயை நோக்கி, அணிவரிசையை விட்டு விலகி நாமூரைச் செலுத்தினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லெஸ்டாக் தன் பிரிவோடு பின்தங்கியே நின்றுவிட்டார். எதிரி தப்பித்தான். விசாரணையில் லெஸ்டாக் விடுதலையானார். முன்னேறிச் சண்டையிட்ட மாத்யூஸ் பதவி இழந்தார். வரிசையை விட்டு விலகினால் தண்டனை, விலகாமல் வாளாவிருந்தால் தப்பிக்கலாம் என்ற பாடத்தை ஒரு தலைமுறை ஆங்கிலத் தளபதிகள் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

1745இல் நாமூரின் மேல்தளத்தை அறுத்தெடுத்து 74 பீரங்கிக் கப்பலாக்கினார்கள். மூன்று தளக் கப்பலுக்கு மேற்பாரம் அதிகம். கடல் சற்றுப் பொங்கினாலும் கீழ்த்தளத்துப் பீரங்கி வாசல்களைத் திறக்க முடியாது. கனமான பீரங்கிகள் இருப்பதோ அங்கேதான். மேல்தளம் போனதும் கப்பல் தணிந்து, திடமாக நின்றது. எட்வர்ட் பாஸ்கவேன் அதன் தலைவரானது இந்த வடிவத்தில்தான். 1747 மே மாதம் ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால், ஆன்சன் தலைமையிலான ஆங்கிலக் கப்பல்கள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கூட்டத்தை மறித்தன. நாமூர் முன்னணியில் நின்றது. பாஸ்கவேனின் தோளில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அந்தக் கூட்டத்தில் பாதி கனடாவுக்குப் போவது, மீதி கிழக்கிந்தியாவுக்கு வருவது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த உதவியின் ஒரு பகுதி அன்று கடலிலேயே சிறைப்பட்டது. ஆக, நம் கரையைக் காண்பதற்கு ஓராண்டு முன்பே நாமூர் நம் கரையின் சண்டையில் இறங்கிவிட்டது.

அதற்கு முன்பே, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்திருந்தார். ஆங்கிலக் கம்பெனிக்கு இந்தக் கரையில் மிஞ்சிய பெரிய இடம் கெடிலம் ஆற்றங்கரையில் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைதான். 1690இல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கும்போது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. சென்னை போன பிறகு கம்பெனியின் சோழமண்டல நிர்வாகம் முழுவதும் ஆறு ஆண்டுகள் இங்கிருந்துதான் நடந்தது. சென்னைக்குப் பழிவாங்கப் புதுச்சேரியை அழிக்க வேண்டும் என்ற ஆணையோடு, கடல், தரை இரண்டு படைகளுக்கும் தலைமை பெற்று, 1747 நவம்பரில் பாஸ்கவேன் நாமூரில் புறப்பட்டார். வழியில் மொரீஷியஸ் தீவைத் தாக்கிப் பார்த்து, முடியாமல் விலகி, 1748 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டைக்கு முன்னால் நங்கூரமிட்டார். ஏற்கெனவே இங்கே இருந்த கப்பல்களும் சேர்ந்து 30க்கு மேல். அதில் 13 அணிவரிசையில் நின்று போரிடும் பெருங்கப்பல்கள். எந்த ஓர் ஐரோப்பிய நாடும் அதுவரை கீழைக் கடலில் இத்தனை பெரிய படையைத் திரட்டியதில்லை.

அத்தனையும் வீணானது. அரியாங்குப்பத்தின் சிறு கோட்டையைப் பிடிக்கவே நாட்கள் ஓடின. ஆங்கிலத் தரைப்படை அதிகாரி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். புதுச்சேரிக் கரையில் கடல் ஆழமில்லாததால் பெருங்கப்பல்கள் நெருங்க முடியவில்லை. தூரத்திலிருந்து சுட்ட குண்டுகளால் மதிலுக்குக் கேடில்லை. புரட்டாசி கழிந்து மழை இறங்கியதும் முற்றுகையை விட்டுத் திரும்பினார்கள். ஆணுடை பூண்டு கடற்படை வீரராகச் சேர்ந்திருந்த ஹன்னா ஸ்னெல் என்ற பெண் அந்த முற்றுகையில் இருந்தார். ஊர் திரும்பியதும் 1750இல் அவருடைய கதை லண்டனில் நூலாக வந்து பரபரப்பானது. மதிலுக்கு உள்ளே, துய்ப்ளேயின் பெரிய துபாஷாக (தலைமை மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாள் தவறாமல் தினப்படிக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். பாஸ்கவேனின் படையை மதிலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த தமிழ்க் கண் அது. ஆங்கிலேயரின் கடற்படை ஏடுகளையும் பிள்ளையின் நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது பெரிய பாக்கியம். உலகின் எத்தனை முற்றுகைகளுக்கு அப்படி இரு பக்கச் சாட்சியம் வாய்த்திருக்கிறது?

இனி இந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மசூலிப்பட்டினம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை பெருங்கப்பல் ஒதுங்க ஒரு துறையும் இல்லை. ஆறுகள் எல்லாம் கடலோடு சேரும் இடத்தில் மணல் மேடு அடைத்துக்கொள்ளும். நாமூர் போன்ற கப்பலுக்கு 20 அடிக்கு மேல் ஆழம் வேண்டும். ஆகவே கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலை மடியும் இடத்தில் ஆங்கிலேயரின் படகு போனால் உடையும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்கும், கட்டுமரமும்தான் அங்கே போய்வரும். அடி பட்டால் நெளிந்து கொடுக்கும் உடம்பு சலங்குக்கு. அதை ஓட்டியவர்கள் இந்தக் கடலோர மீனவர்கள். தளபதியே ஆனாலும் அவர்கள் தோள் இல்லாமல் கரையேற முடியாது. கடல் கெட்ட நாளில் அவர்களும் இறங்க மாட்டார்கள். அன்றைக்குக் கப்பல் தனி, கரை தனி.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு புயல் வரும் என்பது ஆங்கிலேயருக்குத் தெரிந்திருந்தது. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு லா பூர்தொனேயின் கப்பல்கள் சென்னைக் கடலில் சிதறியதையும் பார்த்திருந்தார்கள். 1748 முற்றுகை முடிந்ததும் பாஸ்கவேன் முறைப்படி கப்பல்களைத் திருகோணமலைக்கும் சுமத்ராவின் அச்சேவுக்கும் அனுப்பிவிட்டுத் தான் கோட்டையில் தங்கினார். ஜனவரியில் கப்பல்கள் திரும்பின. மழைக்காலம் போய்விட்டது, இனி அடுத்த புரட்டாசி வரை பயமில்லை என்பது கணக்கு.

இங்கே தேதியைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றிய இன்றைய நாட்காட்டிக்கு அது 11 நாள் பின்தங்கியது. ஆகவே ஆங்கில ஏட்டின் ஏப்ரல் 13 நமக்கு ஏப்ரல் 24. தமிழ்க் கணக்கில் சுக்கில வருடம் சித்திரை மாதம் பாதி. அந்த மாதத்தில் தமிழ்நாட்டுக் கரையில் புயல் ஏறுவது அபூர்வம். அபூர்வமே தவிர, வராமல் இருப்பதில்லை. 1811 மே மாதத்தில் டோவர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் உடைந்தது. 1872 மே மாதத்திலும் அங்கே கப்பல்கள் அழிந்தன. பாஸ்கவேன் அசட்டையாக இருந்தார் என்று சொல்வது நியாயமல்ல. அந்தக் காலக் கடலோடிகளின் பொது அறிவுக்குள் நின்று அவர் சரியாகவே நடந்தார். அந்த அறிவுக்கு வெளியே இருந்து புயல் வந்தது.

அந்த ஏப்ரலில் கப்பல்களும் படையும் எதற்காக நகர்ந்துகொண்டிருந்தன என்பதுதான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. சும்மா இருந்த படையை வைத்துக்கொண்டு கம்பெனி தஞ்சாவூர் விவகாரத்தில் நுழைந்தது. பிரதாபசிங்கிடம் அரசை இழந்த சாகுஜி வந்து உதவி கேட்டார்; பதிலுக்குக் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னார். கம்பெனியின் கண் அந்தக் கழிமுகத்தின் மேல்தான். முகத்துவார மணலை வெட்டி ஆழப்படுத்தினால் பெரிய கப்பலும் உள்ளே வரலாம், கரை முழுவதும் கிடைக்காத துறைமுகம் அங்கே கிடைக்கும் என்று நம்பினார்கள். மார்ச் கடைசியில் கேப்டன் கோப் தலைமையில் சில நூறு ஐரோப்பியரும் ஆயிரம் சிப்பாய்களும் தரைவழியே தெற்கே புறப்பட்டார்கள். ஏப்ரல் 13 அன்று பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். இரவில் வடக்கிலிருந்து காற்று எழுந்தது. விடியற்காலை நான்கு மணிவரை ஏறிக்கொண்டே போனது. கூடாரங்கள் கந்தலாகிப் பறந்தன. வண்டி மாடுகள் செத்தன. வெடிமருந்து நனைந்து வீணானது. சீர்செய்யப் பரங்கிப்பேட்டைக்குப் போனபோதுதான் கடலில் நடந்த அழிவு அவர்கள் காதுக்கு வந்தது.

துறைமுகம் ஒன்றைப் பிடிக்கப் படை போய்க்கொண்டிருக்கையில், துறைமுகம் இல்லாத காரணத்தால் அந்தப் படையின் தலைமைக் கப்பல் மூழ்கியது. 

புயல் நேரத்தில் நங்கூரமிட்ட பாய்க்கப்பலுக்கு வழி இரண்டு. கயிற்றை வெட்டிவிட்டுக் காற்று கரையை நோக்கித் திரும்புவதற்குள் ஆழ்கடலுக்கு ஓடலாம். அல்லது பாய்மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாரம் குறைத்து, நங்கூரம் பிடிக்கும் என்று நம்பி நிற்கலாம். முதலாவதற்கு நேரம் போதாது, இரண்டாவதற்குச் சணல் கயிறு தாங்காது. வங்கக் கடற்புயலில் காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. வடக்கில் தொடங்கினால், புயலின் மையம் எந்தப் பக்கம் கடக்கிறது என்பதைப் பொறுத்துச் சுழன்று திரும்பும். கிழக்குக்குத் திரும்பிவிட்டால் கப்பலுக்கும் அலை மடியும் கரைக்கும் நடுவே ஒன்றுமில்லை. இது எல்லாம் நள்ளிரவில், விளக்கு நிற்காத காற்றில். நாமூருக்கு அப்போது தலைவராக இருந்தவர் சாமுவேல் மார்ஷல். பாஸ்கவேன் கரையில் இருந்ததால் பிழைத்தார். அவர் இரு படைகளுக்கும் தலைவர், வேலை கோட்டையில். நாமூரைச் சேர்ந்த வீரர்களில் கோட்டை மருத்துவமனையில் படுத்திருந்தவர்களும், வெள்ளாற்றங்கரையில் மாடுகளோடு நனைந்துகொண்டிருந்தவர்களும் பிழைத்தார்கள். முற்றுகையில் வந்த காய்ச்சல் சிலரைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

தேவிக்கோட்டையை அந்த ஜூன் மாதம் லாரன்ஸ் பிடித்தார். மதில் உடைப்பில் முன்னால் பாய்ந்த கிளைவ் தஞ்சாவூர்க் குதிரை வீரர்களின் வாளிலிருந்து மயிரிழையில் தப்பினார். இதைப் பாடநூல்கள் சொல்லும். எந்தத் துறைமுகத்துக்காக அத்தனையும் நடந்ததோ அது உருவாகவே இல்லை. கொள்ளிடத்தின் மணல் அப்படியே கிடந்தது. பாஸ்கவேன் ஆகஸ்டில் சென்னையைத் திரும்பப் பெற்று, சாந்தோமையும் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டு இறுதிக்குள் ஊருக்குப் புறப்பட்டார். 1756இல் சாத்தமில் கட்டிய புதுக் கப்பலுக்கும் நாமூர் என்றே பெயர் வைத்தார்கள். பாஸ்கவேன் அதிலும் கொடியேற்றினார். அடிமையாக இருந்து பின்னாளில் தன் வரலாற்றை எழுதிய ஒலாடா எக்குயானோ சிறுவனாக வெடிமருந்து சுமந்தது அந்தக் கப்பலில். 1833இல் அதை உடைத்தபோது மரங்களைப் பட்டறைத் தரைக்கு அடியில் போட்டு மூடினார்கள். 1995இல் சாத்தமில் அவை வெளிப்பட்டு, இப்போது காட்சிக்கு இருக்கின்றன.

நம் நாமூரிலிருந்து தப்பிய சிலரில் ஜேம்ஸ் ஆல்ம்ஸ் என்ற இளைஞர் ஒருவர். 33 ஆண்டு கழித்து, 1782 ஏப்ரல் 12 அன்று, திருகோணமலைக்கு அருகே புரொவிதியன் தீவுக்கு எதிரில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் நடத்திய போரில், மான்மவுத் என்ற கப்பலுக்குத் தலைவராக நின்றார். பாய்மரங்கள் விழுந்து, ஆட்களில் பெரும் பங்கு அடிபட்டும் கொடியை இறக்கவில்லை. அவர் மாலுமியாக உயிர் தப்பிய கரைக்கும் தலைவராக நின்ற கரைக்கும் இடையே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய போட்டிக்கு ஒரே காரணம்தான். வங்கக் கடலின் மேற்குப் பக்கத்தில் புயலுக்கு ஒதுங்கத் தகுந்த இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றே. டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதை 1782 ஜனவரியில் பறித்தார்கள். ஆகஸ்டில் சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். இந்த 33 ஆண்டுகளுக்கு இடையில், 1761 ஜனவரி 1 அன்று, புதுச்சேரிக்கு எதிரே மறுபடி ஒரு புயல். அதில் சண்டர்லேண்ட், டியூக் ஆஃப் அக்விடேன் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல்கள் கவிழ்ந்து, நியூகாசில் என்ற கப்பல் கரையில் மோதி, ஏறத்தாழ 1100 பேர் இறந்திருந்தார்கள்.

சோழமண்டலக் கரையில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டும் வேலை சென்னையில் 1870களில்தான் தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது; திரும்பக் கட்டினார்கள். கடலூரிலோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் பெரிய கப்பல்கள் கரைக்கு வெளியே, நாமூர் நின்ற அதே திறந்த கடலில் நங்கூரமிட்டன. சரக்கைப் படகுகள்தான் உப்பனாற்றுக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.